அசோகர் வென்ற சிறு சினம்



சினத்தில் பெரிது உண்டு; சிறிது உண்டு. ஊரை எரிக்கும் சினம் பெரிது. செருப்பு வார் அறுந்ததற்கும், சோற்றில் உப்புக் குறைந்ததற்கும், குழாயடியில் ஒருவர் முந்திக்கொண்டதற்கும் எழும் சினம் சிறிது. பெரிய சினம் ஒருவர் வாழ்நாளில் சில வேளைகளிலேயே தலைகாட்டும். சிறிய சினமோ காலை முதல் இரவு வரை நம்முடன் குடியிருக்கும். பெரிய சினத்தைக் கண்டு அஞ்சும் நாம், சிறிய சினத்தை ஒரு குற்றமாகவே எண்ணுவதில்லை. இரண்டின் தீங்கையும் உணர்ந்து, அதனை மக்கள் அறியும்படி கல்லிலே வெட்டி வைத்த ஓர் அரசரின் சரித்திரத்தை இங்கே சுருக்கமாகக் கூற விழைகிறோம். அவர் மௌரிய மாமன்னர் அசோகர்.

இதனை எழுதும்படி எம்மைத் தூண்டியது டில்லி மாநகரில் நேர்ந்த ஓர் அற்ப நிகழ்ச்சியாகும். சில ஆண்டுகளுக்கு முன் அந்நகருக்குச் சென்றிருந்தபோது, பெரோஸ் ஷா கோட்லாவில் நிற்கும் அசோகத் தூணைத் தரிசிக்கப் புறப்பட்டோம். ஆட்டோவுக்கு 80 ரூபாய் என்று பேசி ஏறினோம். வாயிலில் இறங்கியதும் ஓட்டுநர் 100 ரூபாய் கேட்டார். யாம் அரைகுறை இந்தியிலும் முழுத் தமிழிலும் கூச்சலிட்டோம். வழிப்போக்கர் நின்று வேடிக்கை பார்த்தனர். இறுதியில் அவர் கேட்டதைக் கொடுத்துவிட்டு, கை நடுங்க உள்ளே சென்றோம். இருபத்திரண்டு நூற்றாண்டுகளைக் கண்ட தூணின் முன்னே கால்மணி நேரம் நின்றும், எம் மனம் அந்த 20 ரூபாயையே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தது. தம்மம் போதிக்கும் எம் நிலை இது!

அந்தத் தூணிலே பொறிக்கப்பட்டுள்ள மூன்றாம் சாசனத்தின் கருத்து அப்போதுதான் எம் நினைவுக்கு வந்தது. மனிதன் தான் செய்த நற்செயலைக் கண்டு மகிழ்கிறான்; தான் செய்த தீச்செயலை அவன் காண்பதில்லை; அதனைக் காண்பது கடினமே; எனினும் கொடுமை, கடுமை, சினம், செருக்கு, பொறாமை ஆகியவை தன்னைக் கேட்டுக்குள் இழுப்பதை ஒவ்வொருவரும் கண்டுகொள்ள வேண்டும். அசோகர் அங்கே கூறும் பொருள் இதுவே. படித்து மறந்திருந்த அச்செய்தி, அன்று எமக்கென்றே எழுதப்பட்டது போலத் தோன்றியது. இனி அவர் வரலாற்றுக்கு வருவோம்.

அசோகர் மௌரிய வம்சத்தை நிறுவிய சந்திரகுப்தரின் பேரர், பிந்துசாரரின் மைந்தர். இளமையில் உச்சயினியில் அரசப் பிரதிநிதியாக இருந்தார் என்று இலங்கை மரபு கூறும். ஏறக்குறைய கி.மு. 268ஆம் ஆண்டில் பாடலிபுத்திரத்தில் முடிசூடினார். அவருடைய முற்கால வாழ்வைப் பற்றி அசோகாவதானம் என்னும் வடமொழி நூல் பயங்கரமான கதைகளைச் சொல்கிறது. அவை சரித்திரம் அல்ல, பழங்கதையே. ஆயினும் அக்கதைகளில் சினம் எதனால் மூளுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

பூமரங்களையும் கனிமரங்களையும் வெட்டிவிட்டு முள்மரங்களைக் காக்குமாறு அரசர் அமைச்சர்க்குக் கட்டளையிட்டாராம். பொருளற்ற அந்த ஆணையை அவர்கள் மும்முறை மறுத்தனராம். உடனே வாளை உருவி 500 அமைச்சர்களின் தலைகளை வீழ்த்தினாராம். பிறிதொரு நாள், அவருடைய தோல் சொரசொரப்பாக இருந்ததை வெறுத்த அந்தப்புரப் பெண்கள், அவர் பெயரையே கொண்ட அசோக மரத்தின் பூக்களையும் கிளைகளையும் ஒடித்துப் போட்டனராம். அதற்காக 500 பெண்களை உயிரோடு எரித்தாராம். அதனால் சண்ட அசோகன், அதாவது கொடிய அசோகன், என்னும் பெயர் அவருக்கு வந்ததாம். ஒரு மறுமொழியும் ஒடிந்த ஒரு கிளையுமே இத்தனைக்கும் காரணம். அதிகாரம் இல்லாதவன் கையில் சிறு சினம் ஒரு வசையோடு முடியலாம். அதிகாரம் உள்ளவன் கையில் அது பிறர் உயிரைக் குடிக்கும். கதை கட்டியவர் நமக்கு உணர்த்துவது இதுவே.

கதையை விட்டுக் கல்லுக்கு வருவோம். முடிசூடி எட்டு ஆண்டுகள் ஆனபின் அசோகர் கலிங்கத்தின்மீது படையெடுத்தார். அப்போரில் 1,50,000 பேர் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டனர். 1,00,000 பேர் கொல்லப்பட்டனர். அதனைப் போலப் பன்மடங்கினர் மாண்டனர். இக்கணக்கைச் சொன்னவர் பகையரசர் அல்லர். வென்ற அசோகரே தம் பதின்மூன்றாம் பாறைச் சாசனத்தில் இதனை வெளியிட்டு, தம் மனம் நொந்ததையும் ஒளிக்காமல் கூறினார். தம் வெற்றியைத் தாமே குற்றமாக அறிவித்த அரசரை உலக சரித்திரத்தில் காண்பது அரிதினும் அரிது.

அசோகரின் கதையைச் சொல்பவர் பலர் இந்த இடத்திலேயே நிறுத்திவிடுகின்றனர். போர்க்களத்தைக் கண்டார், வாளை எறிந்தார், புத்தரைச் சரணடைந்தார், தர்ம அசோகர் ஆனார் என்று முடித்துவிடுகின்றனர். ஒரே நாளில் மனிதன் மாறிவிடுவானா? அசோகரே அவ்வாறு சொல்லவில்லை. டில்லியின் தெற்கே பகாபூர் என்னுமிடத்தில் 1966ஆம் ஆண்டு ஒரு பாறையில் அவருடைய சாசனம் கண்டுபிடிக்கப்பட்டது. வேறு பல ஊர்களிலும் காணப்படும் அந்தச் சிறு பாறைச் சாசனத்தில், தாம் உபாசகர் ஆகி இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், முதல் ஓராண்டுக் காலம் போதிய முயற்சி செய்யவில்லை என்று அசோகர் ஒப்புக்கொள்கிறார். சங்கத்தை அணுகிய பின்னரே முயற்சி மிகுந்தது என்கிறார். அம்முயற்சி பெரியோர்க்கு மட்டும் உரியதன்று, எளியவரும் செய்யத்தக்கது என்றும் சொல்கிறார். சரணம் சொல்லிப் பல ஆண்டுகள் ஆகியும் வீட்டில் தட்டை வீசுகிறோமே என்று வருந்தும் அன்பர்களுக்கு இது ஆறுதலான செய்தியன்றோ?

முயற்சி மிகுந்தபின் அவர் என்ன செய்தார் என்று பார்ப்போம். ஆறாம் பாறைச் சாசனத்தில் ஒரு புதிய ஏற்பாட்டை அறிவித்தார். மக்களின் காரியங்களைத் தமக்குத் தெரிவிப்போர் எந்த நேரத்திலும் வரலாம். தாம் உணவு உண்டுகொண்டிருந்தாலும், அந்தப்புரத்தில் இருந்தாலும், பள்ளியறையில் இருந்தாலும், வண்டியில் சென்றாலும், சோலையில் உலவினாலும் தடையில்லை என்றார். முன்னாள் அரசர்கள் இவ்வாறு செய்ததில்லை என்பதையும் குறிப்பிட்டார். சோற்றில் கை வைத்திருக்கும்போது வாசலில் ஒருவர் கூப்பிட்டால் நமக்கு எவ்வளவு எரிச்சல் வருகிறது! அந்த எரிச்சலை அவர் வேண்டி அழைத்துக்கொண்டார். வருகிறவரின் துன்பம் தம் உணவைவிடப் பெரிது என்று முன்னரே தீர்மானம் செய்துகொண்டவருக்கு, இடையூறு இடையூறாக இராது, அது கடமையாகிவிடும்.

அடுத்தது, எம் உள்ளத்தை மிகவும் உலுக்கிய செய்தி. கலிங்கப் போரைக் கூறும் பதின்மூன்றாம் சாசனம் கலிங்கத்துப் பாறைகளாகிய தவுளியிலும் ஜௌகடாவிலும் வெட்டப்படவில்லை. அங்கே அதற்குப் பதிலாக அதிகாரிகளுக்கு என்று தனிச் சாசனங்கள் வெட்டப்பட்டன. மக்கள் அனைவரும் தம் பிள்ளைகள் என்று கூறிவிட்டு, பல்லாயிரம் உயிர்களுக்கு மேலே வைக்கப்பட்டுள்ள தம் அலுவலர்க்கு அசோகர் ஒன்றை நினைவூட்டுகிறார். யாரோ ஒருவர் காரணமின்றிச் சிறைப்படுகிறார், அல்லது துன்புறுத்தப்படுகிறார். அவர் பொருட்டு வேறு பலரும் துயருறுகின்றனர். ஆகையால் நடுநிலைமை வேண்டும். அந்நடுநிலைமையைக் கெடுப்பவை எவை? பொறாமை, சடுதியில் வரும் சினம், கடுமை, அவசரம், பயிற்சியின்மை, சோம்பல், களைப்பு ஆகியவை என்று வரிசைப்படுத்துகிறார். இவற்றை விலக்குவதற்கெல்லாம் வேர், சினமின்மையும் அவசரமின்மையுமே என்று முடிக்கிறார்.

அவ்வளவோடு விட்டாரா? இல்லை. அச்சாசனம் திஷ்ய நட்சத்திர நாட்களில் வாசிக்கப்பட வேண்டும். இடையிலும் தகுந்த வேளைகளில், ஒரே ஒருவர் கேட்பதாயினும் வாசிக்கலாம் என்றார். கடுமையும் கொடுமையும் இல்லாத அதிகாரியை ஐந்தாண்டுக்கு ஒருமுறை சுற்றுப்பயணம் அனுப்பி நிலைமையைப் பார்க்கச் செய்வதாகவும் சொன்னார். ஒரு லட்சம் பேரைக் கொன்ற மண்ணிலே, ஒரு எழுத்தன் களைப்பினால் எரிந்து விழுவதையும் குற்றமாகக் கண்டார் என்றால், அவர் கலிங்கத்தில் கற்ற பாடத்தின் ஆழத்தை என்னென்பது!

களைப்பு என்னும் சொல்லைப் படித்தபோது எமக்குக் கண்ணீர் வந்தது. காரணம் சொல்கிறோம். யாம் பள்ளியில் அதிகம் படித்ததில்லை. இளமையிலேயே ஒரு நூற்பாலையில் சேர்ந்து, பல ஆண்டுகள் கழித்து மேஸ்திரியானோம். ஒருநாள் மாலை எம் வீட்டில் குடிநீர் பற்றிச் சச்சரவு. உண்ணாமல் இரவு ஷிப்டுக்குச் சென்றோம். ஈரப்பதம் சரியில்லாததால் அன்று இழைகள் அறுந்த வண்ணம் இருந்தன. மேலதிகாரி வந்து எல்லோர் முன்னிலையிலும் எம்மைக் கடிந்து பேசினார். அவரை எதிர்த்து யாம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் போனபின், பதிலித் தொழிலாளியாக வந்திருந்த ஓர் இளைஞன் பாபின் கூடையைக் கைதவறிக் கவிழ்த்தான். அவன் கன்னத்தில் அறைந்தோம். அவன் அழவில்லை, குனிந்து பாபின்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கினான். மறுநாள் முதல் அவன் வேலைக்கு வரவில்லை. யாம் இன்றளவும் அவனிடம் மன்னிப்புக் கேட்க இயலவில்லை.

அந்த அறை எங்கிருந்து புறப்பட்டது என்று எண்ணிப் பாருங்கள். தண்ணீரில் தொடங்கி, பசியிலும் களைப்பிலும் வளர்ந்து, மேலிருந்தவரிடம் வாய்திறக்க அஞ்சி, கீழிருந்தவன் கன்னத்தில் இறங்கிற்று. சிறு சினம் எப்பொழுதும் பள்ளம் நோக்கியே பாயும். கணவன் மனைவியைக் கடிவான். அவள் குழந்தையை அடிப்பாள். குழந்தை நாயின் மேல் கல்லெறியும். இவ்வோட்டத்தை அசோகர் அறிந்திருந்தார். ஆதலின் அதிகாரத்தின் உச்சியிலேயே அதனை அணைகட்டித் தடுக்க முயன்றார்.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழும். தலைமுறை தலைமுறையாகப் பொறு, பொறு என்று நமக்கே உபதேசித்தார்களே. மீண்டும் அமைதி பேசினால் அநீதிக்கும் பணிந்து போகச் சொல்வதாகாதா? ஆகாது. அசோகர் பொறுமையை அடிபட்டவனுக்குக் கட்டளையிடவில்லை. அடிக்கும் கைக்கே கட்டளையிட்டார். தீங்கு செய்தவரையும் மன்னிக்கக்கூடிய அளவுக்கு மன்னிப்பேன் என்னும் பொருள்படக் கூறியவர், அதே சாசனத்தில், தாம் வருந்தினாலும் வலிமை இழந்தவர் அல்லர் என்பதைக் காட்டுவாசிகளுக்கு எச்சரித்தார். அமைதி வேறு, அடிமைத்தனம் வேறு. டாக்டர் அம்பேத்கர் 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள், அசோக விஜயதசமியன்று நாகபுரியில் தம்மத்தைத் தழுவினார். அதே ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் டில்லியில் அலிப்பூர் சாலை இல்லத்தில் மறைந்தார். அவர் தம் சினத்தைச் சில்லறையாகச் செலவழித்துத் தீர்த்துவிடவில்லை; அதனை நூலாக்கினார், சட்டமாக்கினார், இயக்கமாக்கினார். ஆட்டோக்காரரிடம் 20 ரூபாய்க்குத் தொண்டை வற்றக் கத்தியவன், உரிமை கேட்க வேண்டிய மன்றத்தில் குரலற்றுப் போவான்.

சமயத்தின் பெயரால் வரும் சினத்தையும் பார்ப்போம். நம்மைப் பழைய பெயரிட்டு அழைப்போரும், வந்தனை வேளையில் எள்ளி நகைப்போரும் உண்டு. அப்போது வரும் கோபம் தருமத்துக்கான கோபம் என்று நாம் பெருமைப்படுகிறோம். இதற்கும் அசோகாவதானத்தில் ஒரு கதை உண்டு. வேற்றுச் சமயத்தான் ஒருவன் புத்தர் பெருமானை இழிவுபடுத்திப் படம் வரைந்தான் என்று கேட்டு, உபாசகரான பின்னும் அசோகர் கொதித்தெழுந்து, ஒரே நாளில் 18,000 ஆசீவகரைக் கொல்வித்தாராம். பின்னர், அத்தகைய துறவியின் தலைக்கு ஒரு பொற்காசு என்றும் அறிவித்தாராம். ஓர் இடையன் ஒரு தலையைக் கொண்டுவந்தான். நோயினால் தாடியும் நகமும் வளர்ந்து கந்தையுடன் கிடந்த பௌத்தத் துறவியின் தலை அது. அசோகரின் சொந்தத் தம்பி வீதசோகரின் தலை! சமயச் சினம் எறியும் கல் தன் வீட்டுக் கூரையிலேயே விழும் என்று அக்கதை எச்சரிக்கிறது.

உண்மை அசோகரோ இக்கதைக்கு நேர் மாறானவர். அவர் கயைக்கு அருகேயுள்ள பராபர் குன்றில் அதே ஆசீவகருக்குக் குகைகள் குடைவித்துத் தானம் செய்தார்; அத்தானத்தைக் கூறும் எழுத்து இன்றும் அங்கே இருக்கிறது. பன்னிரண்டாம் பாறைச் சாசனத்தில், தன் சமயத்தைப் புகழ்ந்து பிறர் சமயத்தைக் காரணமின்றிப் பழிக்காமல் நாவை அடக்குக என்று அறிவுறுத்தினார். தன் சமயத்தின்மீது உள்ள பற்றினால் பிறர் சமயத்தைப் பழிப்பவன், தன் சமயத்துக்கே பெருந்தீங்கு செய்கிறான் என்றும் விளக்கினார். தமிழகத்துச் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் நாடுகளும் தாமிரபரணியாகிய இலங்கையும் அவர் ஆட்சிக்கு வெளியே இருந்தன. அந்நாடுகளிலும் மனிதர்க்கும் விலங்குகளுக்கும் மருத்துவ வசதியை ஏற்படுத்தியதாக இரண்டாம் சாசனம் கூறுகிறது. அங்கெல்லாம் அவர் அனுப்பியது மருந்து, படையன்று.

முடிசூடி 26 ஆண்டுகள் ஆனபின் தூண் சாசனங்களை வெளியிட்டார். மறு ஆண்டு ஏழாவது ஒன்றையும் வெளியிட்டார். அவ்வேழாம் சாசனம் டில்லிக் கோட்லாத் தூணில் மட்டுமே முழுமையாகக் காணப்படுகிறது. வழியெங்கும் ஆலமரங்கள் நட்டதையும், கிணறுகள் தோண்டியதையும், தங்குமிடங்கள் அமைத்ததையும் சொல்லியபின், மக்கள் தருமத்தில் வளர்ந்ததற்கு இரு வழிகளைக் குறிப்பிடுகிறார்: ஒன்று சட்டத்தின் கட்டுப்பாடு, மற்றொன்று உள்ளத்தின் சிந்தனை. இவற்றுள் சட்டத்தால் விளைந்தது கொஞ்சம். சிந்தனையால் விளைந்ததே அதிகம் என்கிறார். பேரரசின் தண்டம் முழுவதையும் கையில் வைத்திருந்தவரின் அனுபவ முடிவு இது. சினத்தையும் சட்டம் போட்டு அடக்க முடியாது. நின்று நினைத்தால்தான் அது அடங்கும்.

ஏறக்குறைய கி.மு. 232ஆம் ஆண்டில் அசோகர் மறைந்தார். அவருடைய இறுதி நாட்களைப் பற்றியும் அதே அசோகாவதானம் ஒரு கதை சொல்கிறது. முதுமையில் அவர் சங்கத்துக்கு அள்ளி அள்ளிக் கொடுத்ததால், அமைச்சர்கள் கருவூலத்தைப் பூட்டச் செய்தனர். அவர் உண்ணும் பொற்கலத்தைக் கொடுத்தார்; வெள்ளிக்கலம் வைத்தனர். அதனையும் கொடுத்தார், அதனினும் தாழ்ந்த கலம் வைத்தனர். முடிவில் மண்கலமே எஞ்சிற்று. கையில் அரை நெல்லிக்கனி மட்டும் இருந்தது. மனம் நொந்தாராயினும் அவர் எவரையும் தண்டிக்க ஆணையிடவில்லை. அக்கனியைக் குக்குடாராம விகாரைக்கு அனுப்பினார். துறவிகள் அதனை அரைத்துக் கஞ்சியில் கலந்து எல்லோரும் பகிர்ந்து உண்டனர். ஒடிந்த மரக்கிளைக்காக 500 பேரை எரித்ததாகக் கதை தொடங்கிற்று. அரசே கைநழுவியபோதும் அரைக்கனியைத் தானம் செய்ததாக அது முடிகிறது. கதையே ஆனாலும், ஒரு மனிதன் கடக்கக்கூடிய தூரத்தை அது காட்டுகிறது.

இனி அந்தத் தூணுக்குத் திரும்புவோம். அது முதலில் இன்றைய அரியானாவிலுள்ள தோப்ரா என்னும் ஊரில் இருந்தது. 14ஆம் நூற்றாண்டில் சுல்தான் பெரோஸ் ஷா துக்ளக் அதனைப் பஞ்சாலும் நாணலாலும் தோலாலும் சுற்றி, 42 சக்கரங்கள் கொண்ட வண்டியில் ஏற்றி, யமுனையில் படகுகளில் மிதக்கவிட்டு டில்லிக்குக் கொணர்ந்தார். அதன் எழுத்தை அன்று படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. 1837ஆம் ஆண்டில்தான் ஜேம்ஸ் பிரின்செப் என்பவர் படித்தறிந்தார். இப்போதும் வியாழக்கிழமைகளில் பல சமயத்து மக்கள் அக்கோட்டை இடிபாடுகளுக்கு வந்து, அங்கே வாழ்வதாக அவர்கள் நம்பும் ஜின்களுக்குத் தம் குறைகளை மனுவாக எழுதி வைத்துச் செல்கின்றனர். எந்நேரமும் குறைகளைக் கேட்பேன் என்ற அரசரின் தூணடியில், அவர் பெயரையும் அறியாமல் மக்கள் மனுக் கொடுப்பதைக் கண்டபோது எம் எரிச்சல் தணிந்தது. அந்த ஓட்டுநருக்கும் எழுதிக் கொடுக்க ஒரு குறை இருந்திருக்கும் என்று அப்போதுதான் தோன்றிற்று.

அன்பர்களே! எம் வேண்டுகோள் சிறியது. எரிச்சல் எழும்போது வாய் திறக்குமுன் மூன்று மூச்சு நிதானியுங்கள். வந்திருப்பது அநீதியா, வெறும் அசௌகரியமா என்று வினவுங்கள். அநீதியாயின் நிதானமாக, முறையாக, ஒன்றுகூடி எதிர்த்து நில்லுங்கள். அசௌகரியமாயின், இக்கோபம் கடைசியில் யார் கன்னத்தில் இறங்கும் என்று எண்ணிப் பாருங்கள். பௌர்ணமி வந்தனைக்குக் கூடும்போது, அசோகர் தம் அதிகாரிகளுக்கு விடுத்த அச்சாசனத்தின் கருத்தை நம் கூட்டத்தில் ஒருவர் எடுத்துரைக்கட்டும். கேட்பவர் ஒருவரே ஆனாலும் உரைக்கட்டும். அந்த ஒருவர் அன்றிரவு தம் வீட்டில் கை ஓங்காதிருந்தால், கல்லில் எழுதியவரின் உழைப்பு வீணாகவில்லை என்று கொள்வோம்.

எல்லா உயிர்களும் நலமுற வாழ்க.